13 வயது மகன் முதன்முறையாக இசைநாடக ஆடிஷனுக்குப் போகிறான். முக்கிய வேடம் கிடைக்க என்ன செய்யலாம்?

"நான்கு வயதிலிருந்தே பாடுகிறான், கேட்டவர்கள் எல்லாரும் பாராட்டுவார்கள்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதனால் ஒன்று கேட்கிறேன்: அவன் ஆடிஷனில் பாடப்போகும் பாட்டை முழுசாகப் பாடி நீங்கள் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? போன வாரமா, போன வருஷமா?

என் மகனுக்கும் அப்போது 13 வயது. ஒரு தன்னார்வ நாடகக் குழு இளையோரை வைத்து இசைநாடகம் போடப்போகிறது, யார் வேண்டுமானாலும் ஆடிஷனுக்கு வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். விருப்பமான பாட்டிலிருந்து 16 பார் (நோட்டேஷனில் கோடு போட்டுப் பிரித்திருக்கும் தாளப் பகுதி) பாட வேண்டும், கையில் கொடுக்கும் வசனத்தை அங்கேயே வாசிக்க வேண்டும், அப்புறம் பத்துப் பத்துப் பேராக நின்று ஒரு சின்ன நடனம். 16 பார் என்றதும் நிறைய என்று தோன்றும். பாருக்கு 4 எண்ணிக்கை வைத்தால் மொத்தமே 64தான். நிமிடத்துக்கு 96 என்ற வேகத்தில் 40 விநாடியில் முடிந்துவிடும். அந்த 40 விநாடிக்காக எங்கள் வீட்டில் ஆறு வாரம் சண்டை.

நான் கீபோர்டு வாசிப்பவன். அதனால் எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. பத்து வயதிலிருந்து அவன் 5 கட்டை ஸ்ருதியில் பாடிவந்த பாட்டையே தேர்ந்தெடுத்தேன். மூன்றாவது வாரத்திலேயே மேல் ஸ்தாயியில் ஒரு இடத்தில் குரல் கரகரத்தது. "இவன் குரல் இறங்குது, நீங்க ரெண்டு கட்டை இறக்கி வாசிங்க" என்றாள் மனைவி. அவளுக்குச் சங்கீதம் தெரியாது என்பதால் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சளி என்றேன். பழகிய ஸ்ருதியை மாற்றினால் குழம்பிவிடுவான் என்றேன்.

சளி இல்லை, மகரக்கட்டு. பையன்களையே வைத்து நாடகம் போட்ட பழைய பாய்ஸ் கம்பெனிகளின் நடிகர்கள் பயந்த அதே சமாச்சாரம். குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு தடித்து, பையன்களின் குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். ஒரே நாளில் நடப்பதில்லை. இன்றைக்கு எட்டும் சுரம் நாளைக்கு எட்டாது, நாளன்றைக்கு மறுபடி எட்டி நம்மை ஏமாற்றும்.

ஆடிஷன் அறைக்குள் பெற்றோரை விடவில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம், கதவு வழியாக எல்லாம் கேட்டது. சரியாக அந்த மேல் சுரத்தில் குரல் உடைந்தது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பியானோ அதே இடத்தை 3 கட்டையில் தொடங்கியது, அவன் கடைசிவரை பாடினான். வெளியே வந்தவன் என்னைப் பார்க்கவில்லை. "நீ சொன்ன ஸ்ருதியிலதாம்மா பாடினேன்" என்று அவளிடம் மட்டும் சொன்னான்.

இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிடவில்லை. கடைசிப் பட்டியலில் கோரஸில் பெயர் இருந்தது. முக்கிய வேடம், குழுவில் பொறுப்பில் இருந்த ஒருவர் வீட்டுப் பையனுக்கு. 'உன் மகனுக்குக் கிடைக்காத வயிற்றெரிச்சல்' என்று கீழே எழுத வருபவர்கள் எழுதிக்கொள்ளலாம், கொஞ்சம் உண்மைதான். ஆனால் அந்த வேடம் பாதி முன்னமே முடிவாகியிருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மீதிப் பாதிக்குக் காரணம் இருந்தது, அது எனக்குப் பிறகுதான் புரிந்தது. உரிமம் வாங்கிப் போடும் இசைநாடகத்தில் நம் இஷ்டத்துக்குப் பாட்டின் ஸ்ருதியை மாற்றவோ வரிகளை வெட்டவோ முடியாது, உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆக, அந்தப் பாத்திரத்தின் உச்ச சுரம் ஆடிஷன் அன்றைக்கு மட்டும் எட்டினால் போதாது. ஒத்திகையெல்லாம் முடிந்து மேடை ஏறும் அன்றைக்கும் எட்ட வேண்டும். குரல் மாறிக்கொண்டிருக்கும் பையனை நம்பி யார் அந்த வேடத்தைக் கொடுப்பார்கள்? நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

அடுத்த வருஷம் அதே குழுவுக்கு நானே பியானோ வாசிக்கப் போனேன். பிராயச்சித்தமா, உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்க்கும் ஆசையா, தெரியாது. அங்கே உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் வந்ததும் என் முன்னால் சொடக்குப் போட்டு வேகம் காட்டுவார்கள், அது பெரும்பாலும் பதற்றத்தின் வேகம். முதல் வரியை மெதுவாக முணுமுணுத்துக் காட்டினால் போதும், அந்த வேகத்தில் வாசித்துவிடுவேன். நடனத்தில் அடி தவறியதும் நின்று உதட்டைக் கடிப்பவர்களைவிட, தப்பாகவாவது கடைசிவரை ஆடியவர்களின் பெயர்தான் குறிப்பேட்டில் ஏறியது. ஒத்திகைக்கு வர முடியாத தேதிகளைக் கேட்டு ஒரு படிவம் தருவார்கள். வேடம் போய்விடுமோ என்று அதை வெற்றாகக் கொடுத்துவிட்டு மூன்றாவது வாரம் பரீட்சை என்று வந்து நிற்காதீர்கள். இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிடாவிட்டால் வாய்ப்பே இல்லை என்றும் அர்த்தமில்லை, முதல் சுற்றிலேயே முடிவெடுத்திருக்கலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏழு வாரம் ஒரு ஒத்திகை தவறாமல் வாசித்தேன். நிகழ்ச்சி நிரலில் டிக்கெட் கிழித்தவர், நாற்காலி போட்டவர், விளம்பரம் கொடுத்தவர் எல்லாருடைய பெயரும் இருந்தது. என் பெயர் இல்லை. "இசை: குழுவினர்" என்று போட்டிருந்தார்கள். குழுவினராம்! அங்கே பியானோ ஒன்றுதான், வாசித்தவன் நான் ஒருவன்தான். கேட்டால் இடம் போதவில்லை என்றார்கள்.

அது கிடக்கட்டும். ஆடிஷனுக்கு முந்தைய வாரம் உங்கள் மகனைக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாடச் சொல்லுங்கள். இரண்டு நேரமும் சிரமமில்லாமல் வரும் ஸ்ருதிதான் அவனுடையது. வரவில்லையென்றால் பாட்டையே மாற்றுங்கள், வசனமும் நடனமும் எப்படியும் மிச்சம் இருக்கின்றன. நோட்டேஷனை ஜெராக்ஸ் எடுக்கும்போது கீழ் வரி வெட்டுப்படாமல் பாருங்கள், இடது கைக்கு வாசிக்க வேண்டியது அங்கேதான் இருக்கும். தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் பென்சிலால் குறியுங்கள். தயவுசெய்து ஸ்டேப்ளர் போடாதீர்கள். தாள்களைப் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டிக் கொடுங்கள், பாதிப் பாட்டில் பக்கம் புரட்ட எனக்கு மூன்றாவது கை கிடையாது.