125 என்ற ஆண்டு எங்கிருந்து வந்தது?

வணக்கம். மான்செஸ்டர் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் உள்ள யோவான் நற்செய்தித் துணுக்கு (பி52) கி.பி. 125இல் எழுதப்பட்டது என்று எங்கள் சபையில் அடிக்கடி சொல்கிறார்கள். அவ்வளவு சிறிய துண்டை வைத்து ஆண்டையும், அது ஒரு புத்தகத்தின் பக்கம் என்பதையும் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கார்பன் சோதனை செய்தால் தெரிந்துவிடாதா?
ஜே.

அன்புள்ள ஜே.,

புத்தகப் பக்கம் என்பது உறுதி. 125 என்பதுதான் உறுதியில்லை.

துண்டின் உயரம் 8.9 செ.மீ., அகலம் 6 செ.மீ. இருபுறமும் ஏழேழு வரிகள். சுருளில் பெரும்பாலும் ஒருபுறமே எழுதுவார்கள்; இங்கே ஒரே நூல் இருபுறமும் தொடர்வதால் இது புத்தகப் பக்கம். முன்பக்கத்தில் வரிகளின் தொடக்கம் (18:31–33), பின்பக்கத்தில் வரிகளின் முடிவு (18:37–38). மேல் ஓரம் மிஞ்சியிருப்பதால் இரண்டுமே பக்கத்தின் முதல் ஏழு வரிகள். இடையில் தொலைந்த வசனங்களை அதே அகலத்தில் எழுதிப் பார்த்தால் சுமார் 11 வரிகள் வரும். ஆக, பக்கத்துக்கு 18 வரி. யோவான் முழுவதும் இருந்திருந்தால் ஏறக்குறைய 130 பக்கம்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. 37ஆம் வசனத்தின் கிரேக்கத்தில் ‘இதற்காக’ இரண்டு முறை வரும். இரண்டையும் போட்டால் அந்த வரி மற்றவற்றைவிட நீண்டுவிடுகிறது. எழுதியவர் ஒன்றை விட்டிருக்கக்கூடும். ‘சத்தியமாவது என்ன?’ என்ற பிலாத்துவின் கேள்வியும் துண்டில் இல்லை. அது கிழிந்துபோன பாதியில் இருந்தது. பலரும் அதைக் கண்ணால் பார்த்ததுபோலப் பேசுகிறார்கள்.

இனி ஆண்டு. பாப்பிரஸ் (கோரைத் தாள்) ஆய்வாளர் கிரென்ஃபெல் 1920இல் எகிப்தில் விலைக்கு வாங்கிய துண்டு இது. மண்ணடுக்கின் சாட்சி கிடையாது. எழுத்தமைதி, அதாவது கையெழுத்தின் பாணி, மட்டுமே சான்று. 1935இல் இதை வெளியிட்ட அறிஞர் ராபர்ட்ஸ், இரண்டாம் நூற்றாண்டின் முற்பாதி என்றார். 125 அதன் நடுப்புள்ளி, அவ்வளவுதான். அவர் ஒப்பிட்ட கையெழுத்துகளில் ஒன்று எகர்டன் நற்செய்தி (பைபிளில் சேராத ஒரு பழைய நற்செய்தியின் ஏடு). 1987இல் அதே ஏட்டின் இன்னொரு துண்டு ஜெர்மனியின் கொலோனில் வெளியானது. அதில் இரு மெய்யெழுத்துகளுக்கிடையே கொக்கி போன்ற ஒரு மேற்குறி இருந்தது. மூன்றாம் நூற்றாண்டில்தான் அது பரவலானது. எகர்டனின் காலம் 200ஐ ஒட்டி நகர, ராபர்ட்ஸின் ஒரு தூண் ஆட்டம் கண்டது. 2005இல் நாங்ப்ரி என்ற ஆய்வாளர், இதையொத்த கையெழுத்தைப் பிற்கால ஆவணங்களிலும் காட்டினார். 2012இல் ஒர்சினி, கிளாரிஸ் என்ற கையெழுத்து ஆய்வாளர்கள் 125–175 என்றார்கள். ஒரே எழுத்தர் முப்பது, நாற்பது ஆண்டுகள் அதே கையில் எழுதக்கூடியவர் என்பதால், அந்த ஐம்பதாண்டு இடைவெளியே எனக்குக் குறுகலாகப் படுகிறது. இரண்டாம் நூற்றாண்டு, மிஞ்சினால் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று சொல்வதே நியாயம்.

கார்பன் சோதனைக்குத் துண்டின் ஒரு பகுதியை எரிக்க வேண்டும். அது தாள் செய்த கோரை வெட்டப்பட்ட காலத்தைக் காட்டும், மை பட்ட நாளையல்ல. விடையும் பெரும்பாலும் நூறாண்டுக்கு மேல் விரிந்த ஒரு வீச்சாகத்தான் வரும். 125ஆ, 175ஆ என்ற வழக்கை அது தீர்க்காது.