செல்ஃப் சுற்றுகிறது, வண்டி எடுக்கவில்லை: பின் சீட்டில் காது வையுங்கள்

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "2014 மாடல் பெட்ரோல் கார். வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கும். சில நாள் ஒரே சாவியில் எடுக்கிறது, சில நாள் ஐந்தாறு தடவை செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. பேட்டரி, பிளக் இரண்டும் மாற்றியாயிற்று. காரைக்குடிக்கு மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் சமர்த்தாக எடுக்கிறது. அப்பத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வண்டி அண்ணே, பயமாக இருக்கிறது."

மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது. காரைக்குடி வரை ஓட்டிக்கொண்டு போகும்போதே பெட்ரோல் லைனில் பிரஷர் ஏறிவிடுகிறது. அவர் கைக்கு வரும்போது கோளாறு இல்லை. அதனால் முதல் சோதனையை நீங்கள்தான் செய்ய வேண்டும், அதுவும் காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன்னால்.

வீட்டில் யாரையாவது பின் சீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்துங்கள். ஏசி, பாட்டு எல்லாம் அணைந்திருக்கட்டும். சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்கள். பல கார்களில் பெட்ரோல் பம்ப் பின் சீட்டுக்கு அடியில், டேங்குக்குள் இருக்கும். இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று ஓடி நிற்க வேண்டும்.

சத்தம் வந்தால், சாவியை அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள். இப்படி மூன்று முறை செய்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். உடனே எடுத்தால் பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது. நிற்கிற நேரத்தில் லைன் பிரஷர் இறங்கிவிடுகிறது. என் சந்தேகம் உங்கள் வண்டிக்கு இதுதான். பம்ப் அசெம்பிளியில் பெட்ரோல் திரும்பி டேங்குக்கு இறங்காமல் தடுக்க ஒரு சின்ன வால்வு உண்டு, அது தேய்ந்திருக்கலாம். இல்லாவிட்டால் இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் ஏதோ ஒன்று சொட்டுகிறது. சொட்டினால், எடுக்கிற நேரத்தில் பெட்ரோல் வாடையும் சைலன்சரில் கறுப்புப் புகையும் வரும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் சுலபமாக எடுக்கும்.

மூன்று முறைக்கும் மசியவில்லை, செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள்ளும் அசையவில்லை என்றால், இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கிராங்க் சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள். அது வேறு வழக்கு.

சத்தமே வராத நாள் வந்தால் ஃபியூஸ், ரிலே, கனெக்டர், பம்ப் என்ற வரிசையில் போகவேண்டும். ரிலே என்பது பம்புக்குக் கரண்ட் விடுகிற சின்ன சுவிட்ச்; அதை அதே நம்பருள்ள இன்னொரு ரிலேவோடு இடம் மாற்றிப் பார்க்கலாம், காசு செலவில்லை. அப்புறமும் சத்தம் இல்லையா? டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டச் சொல்லுங்கள். உடனே பம்ப் ஓடினால் அதன் ஆயுள் முடியப்போகிறது. ஒரு வண்டியில் செல்ஃப் மோட்டார் வரைக்கும் மாற்றிவிட்டு என்னிடம் வந்தார்கள். பின் சீட்டைத் தூக்கினேன். பம்ப் கனெக்டருக்குள் ஒரு உலோக முனை மட்டும் காபிப்பொடி நிறத்தில் கருகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகியிருந்தது. அந்த முனை தொடும்போது வண்டி எடுத்தது, தொடாதபோது எடுக்கவில்லை. அவர்கள் செலவழித்த பணத்தை நினைத்து எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது.

மெக்கானிக்கிடம் வண்டியை ராத்திரியே விட்டுவிட்டு வாருங்கள். காலையில் ஆறிய இன்ஜினில் அவர் பெட்ரோல் பிரஷரை அளக்கிற கேஜ் மாட்டட்டும். இந்த வகை இன்ஜின்களில் பெரும்பாலும் 3 முதல் 4 பார் காட்டும். இன்ஜினை அணைத்த சில நிமிடத்தில் முள் சரசரவென்று இறங்கினால் கசிவு உறுதி. பைப்பைக் கழற்றுவது அவர் வேலை, நீங்கள் கை வைக்காதீர்கள்; பெட்ரோல் பீறிட்டு அடிக்கும்.

இன்னொன்று, நம் பக்கத்து வெயிலில் ரிசர்வில் வண்டியை நிறுத்தாதீர்கள். டேங்கில் உள்ள பெட்ரோல்தான் பம்பைக் குளிர்விக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுக்கும். பாதி டேங்காவது இருக்கட்டும், வாரம் ஒருமுறை ஒரு சுற்றுப் போய் வாருங்கள்.

சரி செய்கிற வரைக்கும் மூன்று சாவி வைத்தியம் போதும், ஓட்டலாம். ஆனால் பம்ப் சத்தம் ஒரு காலை வராமல் போனால், அப்புறம் எடுத்துவிட்டாலும் அப்பத்தாவை அதில் ஏற்றாதீர்கள். அந்தப் பம்ப் நடுவழியிலும் நிற்கும்.