எதிரி மண்ணில் புதைத்த சிலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

மறுமலர்ச்சிக் கால இத்தாலியில் சிலைகளுக்கு மந்திர சக்தி உண்டு என்று நம்பினார்கள் என ஒரு கட்டுரையில் ஒரே வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். பகுத்தறிவு விழித்த காலம் என்றல்லவா பள்ளியில் படித்தோம்? நம்பியது பாமரர்கள் மட்டும்தானா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை, படித்தவர்கள்தான் முன்வரிசையில் நின்றார்கள். ஃபுளோரன்ஸில் பிளேட்டோவை மொழிபெயர்க்கவிருந்த தத்துவ அறிஞர் ஃபிச்சினோவிடம், 1463-இல் அவரை ஆதரித்த, அந்நகரின் அதிகாரம் மிக்க செல்வந்தர் கோசிமோ தெ மெடிசி வேறொரு சுவடியைக் கொடுத்து, இதை முதலில் முடி என்றார். ஹெர்மிஸ் என்ற ஆதி எகிப்திய ஞானி எழுதியதாக நம்பப்பட்ட கிரேக்கச் சுவடி அது. (அவ்வளவு பழையதல்ல என்று 1614-இல் கசோபோன் என்ற மொழியறிஞர் காட்டினார். அது வேறு கதை.)

அதே ஹெர்மிஸின் பெயரில் 'அஸ்கிளெபியஸ்' என்ற நூல் லத்தீனில் முன்பே புழங்கியது. மூலிகை, கல், வாசனைப் பொருள் கொண்டு எகிப்தியர் சிலைக்குள் ஆவிகளை ஆவாகனம் செய்தார்கள் என்கிறது அது. பழைய கிறிஸ்தவ ஞானி புனித அகஸ்டின் எப்போதோ கண்டித்துவிட்ட பகுதி. ஃபிச்சினோவோ பாதிரியார். 1489-இல் வந்த தன் நூலில் அதை விடவும் மனமில்லை, ஒப்புக்கொள்ளவும் பயம். அதனால், செதுக்கிய உருவத்துக்குப் பெரிதாகச் சக்தி இல்லை, பொருளுக்குள் உறங்குவதைச் சுத்தியல் அடியும் சூடும் எழுப்புகின்றன என்று நழுவுகிறார். வக்கீல்கள் தோற்றார்கள், போங்கள்!

எனக்குப் பிடித்தது அவருக்கு நூறு வருடத்துக்கும் மேல் முந்திய, சியெனா என்ற இத்தாலிய நகரத்துக் கதை. சொல்பவர் ஃபுளோரன்ஸ் சிற்பி கிபெர்த்தி. மண்ணுக்கடியில் ஒரு பழைய சிலை கிடைக்கிறது, அதில் பண்டைய கிரேக்கச் சிற்பி லிசிப்பஸின் பெயர். ஓவியர், சிற்பி, பொற்கொல்லர் எல்லாரும் ஓடிவந்து பார்த்து வியக்கிறார்கள். சதுக்கத்து நீரூற்றின் மேல் மரியாதையோடு நிறுத்துகிறார்கள். அப்புறம் ஃபுளோரன்ஸுடன் சண்டையில் அடிமேல் அடி. இதை வைத்த நாளிலிருந்துதான் நமக்குக் கேடு என்று சபையில் ஒருவர் எழுந்து பேச, 1357-இல் சிலையை இறக்கினார்கள். உடைத்ததோடு விட்டிருந்தால் வெறும் கோபம் என்று சொல்லலாம். துண்டுகளைக் கொண்டுபோய் ஃபுளோரன்ஸ் மண்ணில் புதைத்தார்கள். செய்வினைத் தகடு புதைக்கிற அதே கணக்கு! சிலைக்குச் சக்தி இல்லை என்று நினைப்பவன் அவ்வளவு மெனக்கெட மாட்டான்.

கிபெர்த்தி அந்தச் சிலையைப் பார்த்ததில்லை. ஒரு வயதான துறவி காட்டிய, சியெனா ஓவியர் அம்ப்ரோஜியோ லொரென்செட்டி வரைந்த படத்தில்தான் பார்த்தார். ஊன்றி நின்ற காலருகே ஒரு டால்பின் இருந்ததாம்.