ஹார்ட்விக் ஹால்: ஜன்னலில் இருந்து தொடங்குங்கள்

கேள்வி: மகள் நாட்டிங்ஹாமில் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போகும்போது, டார்பிஷயரில் உள்ள ஹார்ட்விக் ஹால் என்ற பழைய கல் மாளிகையையும் பார்க்கலாம் என்றிருக்கிறோம். அரைநாள்தான் நேரம். கட்டடக்கலை தெரியாத நாங்கள் எதைப் பார்ப்பது?

பதில்: ஜன்னல்களைப் பாருங்கள், போதும். போனதும் உள்ளே நுழைந்துவிடாதீர்கள். மேற்கு முகப்புக்கு எதிரே நின்று கீழிருந்து மேலே கண்ணை ஓட்டுங்கள். மூன்று தளம், மேலே போகப் போக ஜன்னல்கள் உயர்ந்துகொண்டே போகும். கீழே வேலைக்காரர்கள், நடுவில் குடும்பம், உச்சியில் பெரிய விருந்தாளிகளுக்கான கூடங்கள். யாருக்கு எந்த இடம் என்பதை வெளிச்சுவரே சொல்லிவிடும்.

கட்டியவர் ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத். 'பெஸ்' என்றால்தான் ஊருக்குத் தெரியும். 1590இல் வேலை தொடங்கி 1597இல் குடிவந்தார். வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்பது பொதுவான கருத்து. ஆறு கோபுரங்களின் உச்சியிலும் தன் பெயரின் முதலெழுத்துகளை அந்தம்மா கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். கண்ணாடி அன்று பெரும் செலவு; அவ்வளவு ஜன்னல் வைத்ததே செல்வத்தைக் காட்டத்தான்.

சரி, இத்தனை திறப்பு இருந்தும் சுவர் எப்படி நிற்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கணப்பு அடுப்புகளின் புகைக்கூண்டுகளைப் பருத்த உள்சுவர்களுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் வெளிச்சுவர் பலவீனமாகாமலே அதில் ஜன்னலுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. ஒரு ஜன்னலை நெருங்கிப் பாருங்கள்: கல் சட்டங்கள், அவற்றுக்கு நடுவே ஈயப் பட்டையில் கோத்த சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள். அன்று பெரிய கண்ணாடி செய்வது அவ்வளவு கடினம்.

உள்ளே போனதும் பெரிய கூடம். அக்கால வீடுகளில் அது முகப்பை ஒட்டிப் பக்கவாட்டில் நீளும். இங்கே வாசலிலிருந்து நேராகப் பின்பக்கம் வரை போகிறது. இங்கிலாந்தில் அன்று அது புதுமை. அப்புறம் கல் படிக்கட்டு, வளைந்து வளைந்து உச்சித்தளத்துக்கு ஏறும். முட்டிவலி உள்ளவர்கள் நிதானமாக ஏறுங்கள். மேலே உள்ள கூடத்தை விட்டுவிடக் கூடாது. சுவரில் தொங்கும் சித்திர நெசவுத் திரைச்சீலைகளுக்கு மேல், சுவரைச் சுற்றிச் சுதையில் ஒரு காடே இருக்கிறது: மரங்கள், விலங்குகள், நடுவே வேட்டைத் தெய்வம் டயானா. அந்தப் பழைய துணிகளைக் காக்க வெளிச்சத்தைக் குறைத்திருப்பார்கள். கண் பழகும்வரை அங்கேயே நில்லுங்கள்.

பிற்பகலில் போவது நல்லது. மேற்கு வெயில் அந்தக் கண்ணாடிகளில் விழுவதைப் பார்த்துவிட்டே கிளம்பலாம். திறக்கும் நாளை முன்கூட்டியே, பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 1959 முதல் மாளிகை அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது.