கவனிக்கப்படாம போன தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்களை நினைவுகூர்ற மாதிரி துணிக்கலை ஏதாவது இருக்கா?

இருக்கு, அதுவும் சின்னது இல்ல, மொத்த வெயிட் 54 டன். அமெரிக்காவுல இருக்குற எய்ட்ஸ் மெமோரியல் குயில்ட். நம்ம வீட்ல கட்பீஸ் எல்லாம் சேத்து ஒட்டுப்போட்டு போர்வை தைப்பாங்கள்ல, அந்த வகைதான்.

1985 நவம்பர்ல சான் பிரான்சிஸ்கோவுல, சுட்டுக் கொல்லப்பட்ட தன்பாலீர்ப்பாளர் அரசியல்வாதி ஹார்வி மில்க்கோட நினைவு நாள் மெழுகுவத்தி ஊர்வலம், அதுல கிளீவ் ஜோன்ஸ்ங்கிற ஆக்டிவிஸ்ட் எய்ட்ஸ்ல போன உங்க ஆளுங்க பேரை அட்டையில எழுதுங்கன்னு சொல்லி, அதையெல்லாம் ஒரு அரசாங்க கட்டடத்து சுவர்ல ஒட்டினா, பாக்க அப்படியே ஒட்டுப்போர்வை மாதிரி இருந்துச்சாம். ஐடியா அங்கதான் பொறந்துச்சு.

ஒவ்வொரு துண்டும் 3க்கு 6 அடி, கிட்டத்தட்ட ஒரு சவக்குழியோட அளவு. காரணம் இருக்கு. அப்ப சில இடங்கள்ல பாடியை வாங்கவே மாட்டேன்னாங்க, சில வீட்ல பையன் எதுல செத்தான்னே வெளிய சொல்லல, அதனால பலருக்கு இந்தத் துணிதான் கல்லறை. தைச்சவங்களும் பெரும்பாலும் ஆர்ட்டிஸ்ட் கிடையாது, காதலன், அம்மா, ஃப்ரெண்டுன்னு யார் யாரோ, தையல் வராதவங்க பெயிண்ட் அடிச்சு பசை போட்டு ஒட்டியிருக்காங்க, ஜீன்ஸ், டெடி பேர், லவ் லெட்டர், சிலதுல அஸ்தி கூட இருக்கு. எனக்கு இதுதான் சிலைகளை விட பெருசா தெரியுது, சிலை வைக்க நீங்க முதல்ல பிரபலமா இருக்கணும்.

எல்லாமே பாசமா தைச்சதும் இல்ல. ராய் கோன்னு ஒரு வக்கீல், 50கள்ல தன்பாலீர்ப்பாளர்களை அரசு வேலைய விட்டு துரத்துறதுக்கு துணை போனவர், கடைசியில அவரே 1986ல எய்ட்ஸ்ல செத்தார், சாகுற வரைக்கும் லிவர் கேன்சர்னே சொல்லிட்டிருந்தார். அவர் பேர்லயும் ஒரு துண்டு இருக்கு, அதுல மூணே வார்த்தை: அடாவடிக்காரன், கோழை, பலியானவன். செம்ம நேர்மை.

1987 அக்டோபர்ல வாஷிங்டன்ல முதல்முறை விரிச்சப்ப 1,920 துண்டு, இப்ப சுமார் 50,000. அழுதுட்டு கலைஞ்சு போற வேலை இதுன்னு அப்பவே சில போராட்டக்காரங்க திட்டினாங்க, 1992ல இது விரிச்சிருந்த அதே நாள்ல எய்ட்ஸ் விஷயத்துல அரசு ஒண்ணும் செய்யலன்னு போராடின ஆக்ட் அப் அமைப்பு ஆளுங்க நிஜ அஸ்தியவே கொண்டுபோய் வெள்ளை மாளிகை புல்வெளியில கொட்டினாங்க. அந்தக் கோபம் நியாயம்தான், ஆனா அதுக்காக போர்வை தைச்சது வீண்னு நான் சொல்ல மாட்டேன்.

முழுசையும் போட்டோ எடுத்து நெட்ல போட்டிருக்காங்க, பேர் போட்டு தேடலாம்.