அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷின் முதல் ஆல்பம் ஏன் காதுக்குள்ளேயே பாடுவது போல் கேட்கிறது?

பதிவு செய்த விதம்தான் காரணம். 2019 மார்ச்சில் வந்த அந்த ஆல்பத்தைப் பெரிய ஸ்டுடியோவில் செய்யவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில், அண்ணன் ஃபினியஸின் சின்னப் படுக்கையறையில்தான் பெரும்பாலும் பதிவு செய்தார்கள். பில்லி குரலை உயர்த்துவதில்லை, மைக்கை ஒட்டி முணுமுணுக்கிறார். அந்த முணுமுணுப்பையே ஃபினியஸ் அடுக்கடுக்காகச் சேர்த்துக் கோரஸ் ஆக்கிவிடுகிறார். ‘வென் தி பார்ட்டீஸ் ஓவர்’ பாட்டை ஹெட்போனில் கேளுங்கள், புரிந்துவிடும்.

‘பரி எ ஃப்ரெண்ட்’ பாட்டில் பல் டாக்டரின் கருவிச் சத்தம்கூட உண்டு!

இந்த ஆல்பத்தில் எல்லோரும் ‘பேட் கை’ பாட்டைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குக் கடைசி மூன்று பாட்டுகள்தான். தலைப்புகளைச் சேர்த்துப் படித்தால் “நான் போவதற்குள் கேள், உன்னை நேசிக்கிறேன், போய்வருகிறேன்” என்று வரும். சோகம் கொஞ்சம் ஓவர்தான், ஆனாலும் பிடித்திருக்கிறது.