மணியன் ஏன் செருப்பைத் தூக்குகிறான்?

கடிதம்

அன்பின் அண்ணா,

விசுவமடுவிலிருந்து எழுதுறன். எங்கட நாய் மணியனுக்கு ஒரு வயசு. வீட்டுக்கு ஆர் வந்தாலும் விறாந்தையடியில கழட்டின செருப்பில ஒண்டைக் கவ்விக்கொண்டு வாழைக்குள்ள ஓடிடுவான். கடிக்கிறேல்ல. நாங்கள் துரத்தத் துரத்த வாலை ஆட்டி ஆட்டி ஓடுறான், பிள்ளையள் விழுந்து விழுந்து சிரிக்கினம். மத்தியானத்தில கிணத்தடியைக் கிண்டி அதுக்குள்ள படுக்கிறான். பின்னேரம் கோயில் மணி கேட்டால் ஊளை. மாமி அபசகுனம் எண்டு பயப்பிடுறா. பூனை வேற, எலியைப் பிடிச்சுக்கொண்டு வந்து இவற்ற தலையணையில வைக்குது. அடிச்சுத் திருத்தலாமோ?

ஒரு வாசகி

பதில்

அன்புள்ள தங்கைக்கு,

அடிக்க வேண்டாம். செருப்போடு உங்களுக்குப் பக்கத்தில் வந்தால் அடி விழும் என்பது மட்டும்தான் அவனுக்கு விளங்கும். அடுத்த முறை இன்னும் தூரத்துக்குக் கொண்டு ஓடுவான். பறிபோய்விடும் என்ற பயத்தில் விழுங்கிவிடுகிற நாய்களும் உண்டு.

‘துரத்தத் துரத்த வாலை ஆட்டி ஆட்டி ஓடுறான்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதற்குள்தான் இருக்கிறது. முற்றத்தில் தனியே கிடக்கிற நாய் ஒரு செருப்பைக் கவ்வினால் வீடே எழும்பி அதன் பின்னால் வருகிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவனுக்கு அதுதான் கூலி. செருப்பைத் தெரிந்தெடுப்பதற்குக் காரணம் அதில் ஊறியிருக்கும் கால் வியர்வை மணம். பல் முளைக்கும் 4 முதல் 7 மாதக் குட்டி என்றால் முரசு (ஈறு) ஊறலுக்காகக் கடிக்கும். மணியன் அந்த வயதைத் தாண்டிவிட்டான், கடிப்பதுமில்லை. அவனுக்கு இது விளையாட்டு.

முதலில் செருப்புகளை நாலடி உயரத் தட்டில் வைக்கப் பழகுங்கள். வருகிறவர்களின் செருப்பையும் பிள்ளைகள் எடுத்து வைக்கட்டும். பிறகு ‘விடு’ என்ற சொல்லைப் பழக்குங்கள். பழைய சாரம் ஒன்றை நன்றாகத் தோய்த்துக் காயவிட்டு, மூன்று கீலமாகக் கிழித்துப் பின்னி, இரண்டு நுனியிலும் முடிச்சுப் போடுங்கள். தோய்க்காமல் கொடுத்தால் ஆள் மணம் இருக்கும். பிறகு கொடியில் காயும் சாரமும் அவனுடையதுதான். அதை அவன் கவ்வியதும் இழுக்காதீர்கள். நீங்கள் இழுக்க இழுக்க அவன் பிடி இறுகும். உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த மீனில் நகத்தளவு துண்டை மூக்கடியில் பிடியுங்கள். வாய் திறக்கிற அந்தக் கணத்தில் ‘விடு’ என்று ஒரே ஒரு தடவை சொல்லி, மீனைக் கொடுத்து, உடனே பின்னலைத் திருப்பிக் கொடுங்கள். கொடுத்தது திரும்பி வரும் என்று தெரிந்த நாய் ஒளித்து வைக்காது. ஒரு நேரத்தில் ஐந்தாறு தடவை, நாளுக்கு இரண்டு நேரம் போதும்.

இதில் பலர் பிழைவிடும் இடம் ஒன்று உண்டு. செருப்பை எடுத்தால்தான் மீன் என்று ஆக்கிவிடுவார்கள். நாய் கெட்டிக்காரன், மீன் வேண்டுமென்றால் செருப்பைத் தேடிப் போகும். ஆகவே பயிற்சி முழுக்கப் பின்னலோடு நடக்கட்டும், அவன் சும்மா படுத்திருக்கும்போதும் இடைக்கிடை ஒரு துண்டு கொடுங்கள். மறந்தும் பழைய செருப்பை விளையாடக் கொடுக்காதீர்கள், பழையது எது புதியது எது என்று நாய்க்குத் தெரியாது. சைக்கிள் டயரும் வேண்டாம், ஓரத்தில் கம்பி இருக்கும். பின்னலில் நூல் பிரியத் தொடங்கினால் எறிந்துவிட்டு வேறு பின்னுங்கள்.

எங்கள் பக்கத்துக்கென்று ஒன்று சொல்லவேண்டும். காட்டோரத்திலிருந்தோ பழைய பதுங்குகுழிப் பக்கத்திலிருந்தோ அவன் இரும்புத் துண்டு எதையும் கவ்வி வந்தால், அது போர்க்காலத்து வெடிபொருளாக இருக்கலாம், இந்தப் பயிற்சி எதுவும் வேண்டாம். கிட்டப் போகவும் வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம், கல்லால் எறியவும் வேண்டாம். பிள்ளைகளைத் தூர விலத்திக்கொண்டு போய், பொலிசுக்கு அறிவியுங்கள்.

கிணற்றடிக்கு வருவோம். நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தடியில்தான். சூட்டை முக்கியமாக இளைத்துத்தான் தணிக்கும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை வன்னி வெயிலில் ஈர மண்ணுக்கு மேல் வயிற்றை வைத்துப் படுப்பதைப்போல் அதற்குச் சுகம் இல்லை. அவன் கெட்ட எண்ணத்தில் கிண்டவில்லை. வேம்பின் நிழலில் மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஓரடி ஆழத்தில் கிடங்கு வெட்டி, ஆற்றுமணல் நிரப்பி, காலை பத்து மணிக்கும் பின்னேரம் இரண்டு மணிக்கும் அரை வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். வெட்டிய மண்ணையே திருப்பிப் போட்டால் களியாகிவிடும். முதல் சில நாள் அந்தப் பின்னலை மணலில் பாதி புதைத்து வையுங்கள். தேடிக் கிண்டி, இடத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்வான். கிணற்றடியில் அவன் கிண்டும் இடத்தில் தட்டையான கல் பரப்பிவிடுங்கள்.

மாமியிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். மணி, சங்கு, நாதஸ்வரம், அம்புலன்ஸ் எல்லாம் நீண்டு இழுபடும் ஓசைகள், நாயின் ஊளையும் அதே வகை. தூரத்தில் இன்னொன்று கூப்பிடுவதாக எடுத்துக்கொண்டு மறுமொழி கொடுக்கிறான். மணி நின்றதும் அவனும் நிற்கிறானா என்று மாமியையே நாலு நாள் கவனிக்கச் சொல்லுங்கள். சகுனமென்றால் பூசை நேரம் பார்த்தா வரும்? தலையை உயர்த்தி நின்று ஊளையிட்டால் பயமில்லை. வாலைக் கால்களுக்குள் செருகி, நடுங்கி, கட்டிலுக்குக் கீழ் புகுந்தால்தான் அது பயம். திருவிழா வெடிச் சத்தத்துக்கு அப்படிச் செய்யும் நாய்களை உள்ளறையில் விட்டு, கதவைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டுவிடுங்கள்.

பூனை பசியால் மட்டும் வேட்டையாடுவதில்லை. வயிறு நிறைந்த பூனையும் எலி பிடிக்கும். பிடித்ததைத் தனக்குப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுவரும். உங்கள் கணவரின் தலையணை அந்த இடமாகிவிட்டது. ஏசினால் அடுத்த எலி அலுமாரிக்குப் பின்னால் போகும், மூன்றாம் நாள் மணந்துதான் கண்டுபிடிப்பீர்கள். சொப்பின் பையைக் கையில் கையுறைபோல மாட்டி, எலியைப் பிடித்து, பையைப் புரட்டிக் கட்டுங்கள். பொழுதுபடும் நேரமும் விடியும் நேரமும்தான் அதன் வேட்டை நேரம். மைம்மலில் உள்ளே எடுத்து, கயிற்று நுனியில் கோழிச்சிறகு கட்டிப் பத்து நிமிடம் ஓடவிட்டு, முடிவில் பிடிக்கவிட்டு, உடனே மீன் வையுங்கள். உண்டபின் படுத்துவிடும். அறைச் சன்னலையும் சாத்துங்கள்.

வயலுக்கு எலிப்பாசாணம் வைக்கிற காலத்தில் மட்டும் கவனம். பகலில் தள்ளாடித் திரியும் எலி அநேகமாக நஞ்சு தின்றது. அதைப் பூனை தின்றால் பூனைக்கும் ஆபத்து. உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். பூனை சோர்ந்து கிடக்கிறதென்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள், ஒரு குளிசையே அதைக் கொன்றுவிடும். மணியனுக்கு அடிக்கும் உண்ணி மருந்தையும் பூனைக்குப் பூசக்கூடாது. இரண்டுக்கும் விசர்நாய்க்கடித் தடுப்பூசி இந்த வருடம் போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள்.

தலையணை உறையைக் கொதிநீரில் தோய்த்து, தலையணையை ஒரு நாள் முழுக்க வெயிலில் போடுங்கள். எலி மணம் போகாமல் இருந்தால் பூனை அதே இடத்தைத்தான் தேடி வரும்.

அன்புடன்,
அண்ணா